லெக்-டெம் மேடையில் ஃபைஃபாக்ஸ்: மிருதங்கத்துக்கு முழு மதிப்பெண், தோடிக்குப் பாதி

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை ஏன் சுருதியோடு சேர்கிறது? பறைக்கு ஏன் ஒரு குறிப்பிட்ட சுருதி சொல்ல முடிவதில்லை? வித்வானும் இயற்பியல் ஆசிரியரும் ஒரே மேடையில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு வாசித்தும் அளந்தும் பதில் சொன்னால், அதைவிட நல்ல லெக்-டெம், அதாவது விளக்கமும் வாசிப்பும் சேர்ந்த காலை நிகழ்ச்சி, வேறு இருக்க முடியாது. அளக்க என்ன வைத்துக்கொள்வது என்பதில்தான் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் தடுமாறும். ஆய்வகக் கருவிகளை மேடைக்குத் தூக்கிவந்தால் இணைப்பு கொடுக்கவே அரை மணி நேரம் போகும். அவற்றின் இடத்தில் ஒரு கைபேசிச் செயலியை வைக்க முடியுமா என்று கேட்டால், ஃபைஃபாக்ஸை வைக்கலாம். ஆனால் எந்தக் கலைக்கு அது கை கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

ஃபைஃபாக்ஸ் ஜெர்மனியில் ஆகன் நகரத்தின் ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவானது, 2016-இல் வெளிவந்தது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். கைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் மைக், முடுக்க உணரி, காந்த உணரி ஆகியவற்றை அளவுகோலாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. இசை, நடன மேடைக்கு அதில் ஐந்தாறு பகுதிகள் போதும்: ஆடியோ ஸ்கோப் (ஒலி அலையை வரைவது), ஆடியோ ஸ்பெக்ட்ரம் (ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று முகடுகளாகக் காட்டுவது), ஒரே ஸ்வரத்தின் அதிர்வெண்ணைத் தொடர்ந்து வரையும் பகுதி, ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச், டோன் ஜெனரேட்டர், முடுக்க அளவி.

மிருதங்கம்: இந்தச் செயலி பிறந்ததே இதற்குத்தானோ

சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். இந்தியத் தோல் வாத்தியங்களின் மேற்சுரங்கள் ஸ்வர வரிசைக்குப் பொருந்தி ஒலிக்கின்றன என்பது அதன் சாரம். 1934-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் அதை விரித்து எழுதினார். அவர் சொன்னதை இன்று ஒரு கைபேசியால் சபைக்குக் காட்டிவிடலாம் என்பதுதான் ஃபைஃபாக்ஸின் பெரிய பலம்.

விஷயம் இதுதான். எந்தச் சுமையும் இல்லாமல் ஒரே சீராக இழுத்துக் கட்டிய தோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால், அடுத்தடுத்த அதிர்வுகள் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்கள். காதுக்கு ஒரு சுருதியாகச் சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கரணை என்னும் கறுப்புப் பூச்சு இருக்கிறது. தோலின் நடுப்பகுதி அதிகம் அசையும் அதிர்வுகளைத்தான் அந்தக் கனம் கீழே இழுக்கும். நடுவில் அசைவே இல்லாத, விட்டத்தின் குறுக்கே கோடு விழுந்து இரு பாதியாகப் பிரிந்து ஆடும் அதிர்வை அது அவ்வளவாகத் தொடாது. எனவே 1.59 என்றிருந்த விகிதம் விரிந்து 2-ஐத் தொடுகிறது. மற்றவையும் இப்படியே நகர்ந்து, ஒன்பது அதிர்வு முறைகள் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து படிகளில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கரணையைப் படிப்படியாகப் பூசித் தேய்த்து, தட்டிப் பார்த்து, மறுபடி பூசும் கைவினைஞர் இந்தக் கணக்கைத்தான் காதால் போட்டுக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கும் நிகழ்ச்சி பாதி நிகழ்ச்சிதான்.

இதை மேடையில் காட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

முதலில் சுருதிப்பெட்டியை அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் திரையில் தெரியும் முகடுகளில் பாதி அதனுடையதாக இருக்கும். மிருதங்கத்துக்கு ஒலிபெருக்கி மைக் வேண்டாம். நூறு பேர் உட்காரும் அறைக்கு அது தேவையும் இல்லை. பெருக்கிய ஒலி சுவரில் மோதித் திரும்பி கைபேசிக்குள் நுழைந்தால், அளப்பது வாத்தியத்தையா அறையையா என்று தெரியாமல் போகும். வித்வான் இடது உள்ளங்கையை இடது முகமான தொப்பியின் மேல் அழுத்தி வைத்துக்கொள்ளட்டும். வலந்தலையை அடித்தால் தொப்பியும் கூடவே முனகும்; அதன் முகடு இடதுகோடியில் வந்து நின்று குழப்பும்.

கைபேசியை வலந்தலைக்கு நேராக, முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், மெத்தென்ற துணியின் மேல் வையுங்கள். மேடைப் பலகையில் நேரடியாக வைத்தால் பலகையின் அதிர்வும் சேரும். கிட்ட வைத்தால் நன்றாகப் பதியும் என்று பத்து சென்டிமீட்டரில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது இந்த நிகழ்ச்சியையே பொய்யாக்கிவிடும். மைக் தாங்க முடியாத ஒலி வரும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. தலை வெட்டுப்பட்ட அலை, தானாகவே 2, 3, 4, 5 மடங்குகளில் முகடுகளை உண்டாக்கும். அதாவது, ராமன் சொன்ன வரிசை வாத்தியத்தில் இல்லாவிட்டாலும் திரையில் அழகாகத் தெரியும்! பறையை அடித்தாலும் தெரியும். ஆகவே ஸ்பெக்ட்ரம் பக்கம் போகும் முன் ஆடியோ ஸ்கோப்பைத் திறந்து, நிகழ்ச்சியில் விழப்போகும் அதே பலத்தில் ஓர் அடி அடிக்கச் சொல்லுங்கள். அளவு −1-க்கும் 1-க்கும் இடையே ஓடும். அலையின் உச்சி பாதிக்குள் நின்றால் நல்லது. 1-ஐத் தொட்டுத் தட்டையாக இருந்தால் கைபேசியை இன்னும் பின்னால் தள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பெக்ட்ரத்தின் அமைப்பு. எத்தனை மாதிரிகளை (ஒலி அலையின் அளவுப் புள்ளிகளை) ஒரு தடவைக்கு எடுக்க வேண்டும் என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். கைபேசி வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4,096 மாதிரிக்கு முகடுகள் 11.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் பிரிந்து தெரியும். மிருதங்கத்துக்கு இது முரட்டு அளவு. 32,768 வைத்தால் 1.5 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும், ஆனால் அதற்கு 0.68 வினாடி ஒலி வேண்டும். அதற்குள் அடி தேய்ந்து, மீதி நேரம் அறையின் இரைச்சலே பதியும். 16,384 நடுவாந்தரம்: 0.34 வினாடி, 2.9 ஹெர்ட்ஸ். தொடக்கத்துக்கு இதை வைத்துக்கொள்வதே சரி.

அடிகள் இரண்டு போதும். முதலில், எந்த விரலையும் ஊன்றாமல் கரணையின் நடுவைத் தட்டி உடனே கையை எடுக்கும் திறந்த அடி. நடுவைத் தட்டும்போது நடுவில் அசைவுள்ள அதிர்வுகளே எழும் என்பதால் 1, 3, 5 முகடுகள் நிமிர்ந்து, 2-உம் 4-உம் பெரும்பாலும் படுத்துக்கிடக்கும். இரண்டாவது ‘நம்’: மோதிர விரல் கரணையின் ஓரத்தில் லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டிய மீட்டில் விழும். தொட்டிருக்கும் அந்த விரல் அடிப்படை அதிர்வை அமுக்கிவிடுகிறது. முதல் முகடு சுருங்கி, இரண்டாவது எழுந்து நிற்கும். ஒரே தோல், ஒரே சுருதி, விரல் வைக்கும் இடம் மட்டும் வேறு. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்குக்கூட விரலின் வேலை புரிந்துவிடும். இதற்கு முன்னால் ஒரு வார்த்தை: திரையைத் திறக்காமல் முதலில் இரண்டு அடிகளையும் சபைக்குக் கேட்கக் கொடுங்கள். எது கனம், எது கணீர் என்று அவர்களே சொல்லட்டும். காது சொன்னதற்குச் சாட்சியாகத் திரை வரவேண்டும். முதலிலேயே திரை வந்தால், எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு வாத்தியத்தைக் கேட்காமலேயே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

முகடுகளைப் படிக்கும்போது தனித்தனி எண்ணைவிட இடைவெளியைக் காட்டுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி என்றால் வரிசை ஒழுங்கு. அதே இடத்தில் பறையை வைத்து ஓர் அடி. பறையில் இடைவெளிகள் ஒழுங்கற்றுக் கிடக்கும். சுற்றியுள்ள காற்றும் தோலின் சீரின்மையும் சேர்ந்து புத்தக விகிதங்களைக் கொஞ்சம் நகர்த்தியே காட்டும் என்பதால், 1.59 அப்படியே வரும் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்க வேண்டாம். இன்னொன்றையும் மேடையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பறை சுருதிக்காகச் செய்த வாத்தியம் அல்ல, தெருக்கோடி வரை போய்ச் சேர்வதற்காகச் செய்தது. ஒழுங்கற்ற முகடுகள் அதன் குறை அல்ல, அதன் குரல். ஒப்பிடுகிறோம் என்ற பெயரில் ஒன்றைத் தாழ்த்திக் காட்டும் விளக்கம் அறிவியலும் ஆகாது, கலையும் ஆகாது.

சுருதி சேர்ப்பதையும் இதில் காட்டலாம், அது மிக அழகான காட்சி. வலந்தலையின் விளிம்பைச் சுற்றி, வாரால் இழுத்துக் கட்டிய பதினாறு கண்கள் உண்டு. எல்லாப் பக்கமும் இழுவிசை ஒன்றாக இல்லாவிட்டால், விட்டக்கோடு விழும் அந்த இரண்டாம் அதிர்வு இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு திசையில் ஓர் அதிர்வெண், குறுக்குத் திசையில் சற்றே வேறு. காதுக்கு அது ஒரு நடுக்கமாகக் கேட்கும். திரையில் முகட்டின் தலை இரண்டாகப் பிரிந்து தெரியும். இதற்கு மட்டும் 32,768-க்கு மாற்றிக்கொண்டு, நீண்டு ஒலிக்கும்படி அடிக்க வேண்டும். வித்வான் கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சேர்க்கச் சேர்க்க, இரண்டு தலைகளும் நெருங்கி ஒன்றாகும். சபையில் நிசப்தம் தானாக விழும் தருணம் அது.

தோலின் மேல் மணல் தூவி, கோடுகள் விழுவதைக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ராமனும் மணலைத் தூவித்தான் காட்டினார். ஆனால் கச்சேரி வாத்தியத்தில் அதைச் செய்யவே கூடாது. மணல் கரணைக்கும் தட்டு என்னும் வெளித்தோல் வளையத்துக்கும் நடுவே புகுந்தால் எடுக்க முடியாது. கழித்துவிட்ட பழைய மூட்டு (தோல் முகம்) ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். உலோகத் தகட்டில் காட்டுவதானால், டோன் ஜெனரேட்டரைப் பெருக்கியோடு இணைத்து, தகட்டை அதிரவைக்கும் இயக்கியைக் கீழே பொருத்த வேண்டும். கைபேசியின் சொந்த ஒலிபெருக்கிக்குத் தகட்டை அசைக்கும் வலு கிடையாது. மேலே தூவுவது கோலமாவாக இருக்கலாம், ஆனால் எந்தக் கோலமாவு என்பது முக்கியம். கொரகொரப்பான கல்மாவு அசையாத கோடுகளில் போய்ச் சேரும். மெல்லிய அரிசி மாவு, தகட்டின் மேலுள்ள காற்றோட்டத்தில் அடித்துச்செல்லப்பட்டு, நேர்மாறாக, அதிகம் அசையும் இடங்களில் குவியும். இதன் காரணத்தை 1831-லேயே ஃபாரடே விளக்கிவிட்டார். இரண்டையும் கலந்து தூவினால் இரண்டு கோலம் ஒரே தகட்டில் விழும். அது தெரியாமல் அரிசி மாவை மட்டும் தூவிவிட்டு, புத்தகத்தில் உள்ள படம் வரவில்லையே என்று மேடையில் விழிப்பதுதான் வழக்கமான விபத்து.

தம்புராவின் நூல்

மிருதங்கத்துக்கு அடுத்தபடியாக ஃபைஃபாக்ஸ் பிரமாதமாக உழைக்கும் இடம் தம்புரா. நிஜத் தம்புரா வேண்டும், பெட்டி உதவாது.

ஒரு கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுவில் அசைவில்லாத அதிர்வுகள் எழக்கூடாது. அதாவது 2, 4, 6 மடங்குகள் காணாமல் போக வேண்டும். பாடநூல் விதி அது. தம்புராவின் கம்பியைத் தாங்கும் குதிரை தட்டையாக, மெல்ல வளைந்து இருக்கிறது. அதன்மேல், கம்பிக்கு அடியில், ஜீவா எனப்படும் நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தால், கம்பி ஒவ்வோர் ஆட்டத்திலும் குதிரையின் பரப்பை உரசி உரசி எழும். அந்த உரசலில், இல்லாமல் போக வேண்டிய மேற்சுரங்கள் எல்லாம் பிறந்துவிடுகின்றன. ராமன் 1921-இல் இதைப் பற்றியும் எழுதினார். நூலை எடுத்துவிட்டு ஒரு மீட்டு, நூலை வைத்து ஒரு மீட்டு. முதலாவதில் ஒன்றுவிட்டு ஒன்றாக முகடு. இரண்டாவதில் சீப்பின் பற்கள் போல வரிசையாக, வெகுதூரம் வரை.

சரியான நடு எது என்பதில்தான் பிசகு வரும். கம்பியின் பாதியை அளவு நாடாவால் குறிப்பதைவிட, விரலை லேசாக வைத்துத் தொட்டு, மேல் ஸட்ஜம் கணீரென்று எழும் இடத்தைக் கண்டு, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளி மீட்டினாலும் நான்காவதும் ஆறாவதும் எட்டிப்பார்க்கத் தொடங்கும். மீட்டிய கணத்தை விட்டு, அரை வினாடி கழித்துப் பதியுங்கள். விரல் கம்பியை விடும் சத்தம் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஒலி நீண்டு நிற்பதால் இங்கே 32,768 தாராளமாக வைக்கலாம். கைபேசியைக் குடத்தின் அருகே முப்பது சென்டிமீட்டரில் வைத்தால் போதும்.

இங்கே ஒரு சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். சில கைபேசிகள் தொடர்ச்சியான ஒலியை இரைச்சல் என்று எண்ணித் தாமாகவே அடக்கும். தொலைபேசிப் பேச்சுக்கு நல்லது, தம்புராவுக்கு நஞ்சு. இன்னொரு கைபேசியில் டோன் ஜெனரேட்டரால் ஒரே ஸ்வரத்தை முப்பது வினாடி ஒலிக்கவிட்டு, ஆடியோ ஸ்கோப்பில் அலையின் உயரம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்துகொண்டே போனால் அந்தக் கைபேசி இந்த வேலைக்கு ஆகாது. விலை அதிகமான கைபேசி என்றால் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்த அடக்கும் வேலையை அவையும் செய்யலாம்.

தோடியில் பின்தங்குகிறது

அதிர்வெண்ணைக் காலத்தோடு வரையும் பகுதியைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் காட்டும் ஆசை வரும். ஆசை நியாயமானது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை என்பதைக் கோடாக வரைந்து காட்டினால், கமகம் என்பது ஸ்வரத்துக்குப் போடும் நகை அல்ல, ஸ்வரமே அதுதான் என்று புரியும். ஆனால் ஃபைஃபாக்ஸ் இங்கே பாதி வழிதான் வருகிறது.

அது ஒரே நேரத்தில் ஒரே குரலைத்தான் பின்தொடரும். தம்புரா ஓடினால் கோடு அங்குமிங்கும் தாவும். ஆகப் பாடகர் சுருதியைக் காதில் கருவி மாட்டிக் கேட்டுக்கொண்டு பாட வேண்டும், அதுவே அவருக்குச் சங்கடம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிறு துண்டு ஒலி தேவைப்படுவதால் விரைந்து ஆடும் கம்பிதம் என்னும் கமகம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து தெரியும். சில சமயம் மேல் ஸ்தாயிக்கோ கீழ் ஸ்தாயிக்கோ கோடு ஒரே தாவலாகத் தாவிவிட்டு வரும். அது பாடகரின் பிசகு அல்ல, கணக்கின் பிசகு. சபையில் அதை உடனே சொல்லாவிட்டால் பாடியவர் தலை குனிய வேண்டியிருக்கும். விளம்பத்தில் (மெதுவான நடையில்) நீண்ட காந்தாரம், சங்கராபரணத்தின் அசைவு குறைந்த காந்தாரத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை, அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிவேகமாகச் சுழலும் பிருகாவுக்குப் போகவே வேண்டாம்.

கமகத்தையே மையமாக வைத்த நிகழ்ச்சி என்றால் மடிக்கணினியில் ஒலி ஆய்வுக்கான பிராட் அல்லது சோனிக் விஷுவலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கட்டணமில்லாதவை. முன்பே பதிவுசெய்து, சுத்தமான கோட்டை வரைந்து, பாடகர் நேரில் பாடும்போது அதைப் பக்கத்தில் காட்டலாம். தொடர்ந்து ஓடும் நிறப்பட்டையாக ஒலியைப் பார்க்க விரும்புவோருக்கு ஆண்ட்ராய்டில் ஸ்பெக்ட்ராய்டு வாட்டமாக இருக்கும். தனி ஆவர்த்தனம் போகும் வேகத்துக்கு அதுதான் ஈடுகொடுக்கும்.

கைத்தாளமும் கடைசி வரிசையும்

ஒலி ஸ்டாப்வாட்ச் இந்தச் செயலியில் சபையையே உள்ளே இழுக்கும் பகுதி. இரண்டு கைபேசிகள், நடுவே பத்து மீட்டர். இரண்டிலும் ஸ்டாப்வாட்ச் தயாராக நிற்க, முதல் கைபேசியின் அருகில் ஒரு தட்டு, சற்றுப் பொறுத்து இரண்டாவதன் அருகில் ஒரு தட்டு. முதல் தட்டு இரண்டையும் தொடங்கிவைக்கும், இரண்டாவது தட்டு இரண்டையும் நிறுத்தும். இரண்டு கைபேசிகளும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், இருபது மீட்டரை ஒலி கடக்க எடுத்த நேரம். 25 டிகிரி உள்ள குளிர்சாதன அரங்கில் அது ஏறத்தாழ 0.058 வினாடி வர வேண்டும். மரத்தடியில் 30 டிகிரியில் செய்தால் கொஞ்சம் குறையும்.

வெறும் கைதட்டலில் பிழை கூடும். கைதட்டல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழும், தூரத்திலிருந்து வரும்போது மெலிந்து, தூண்டும் அளவை எட்டத் தாமதிக்கும். நட்டுவாங்கத்தில் தட்டும் உலோகத் தாளம் நல்ல மாற்று. அதன் ஒலி கத்தி வெட்டாக எழுகிறது. தூண்டும் அளவை 0.1-இல் தொடங்கி, அறையின் பேச்சுச் சத்தத்துக்கு ஓடாத வரை ஏற்றுங்கள். குறைந்தபட்ச இடைவெளியை அரை வினாடியாக வைத்தால் எதிரொலி கடிகாரத்தை நிறுத்தாது.

எண் கிடைத்ததும், சபையின் கடைசி வரிசைக்கு வாருங்கள். மேடையிலிருந்து 35 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மிருதங்கத்தின் அடி 0.1 வினாடி தாமதமாகவே போய்ச் சேர்கிறது. அவர் அதற்கேற்பப் போடும் கைத்தாளம் மேடைக்குத் திரும்பும்போது இன்னொரு 0.1. நிமிடத்துக்கு 80 எண்ணிக்கையில் போகும் ஆதி தாளத்தில், ஓர் எண்ணிக்கையை நான்காகப் பிரிக்கும் சதுச்ர நடையின் ஒரு மாத்திரை 0.19 வினாடிதான். போய்வந்த தாமதம் ஒரு முழு மாத்திரை! கடைசி வரிசைக்காரர் தாளம் தப்பவில்லை. அவர் கேட்டதற்குச் சரியாகத்தான் போடுகிறார். சபையை மூன்று பகுதியாகப் பிரித்து, மேடையைப் பார்க்காமல் கேட்டு மட்டும் தாளம் போடச் சொன்னால், முன்னால் இருந்து பின்னால் ஓர் அலை போல அது பரவுவதை எல்லோரும் கேட்கலாம்.

நடனத்துக்கு இது சுமாரான துணைதான். முடுக்க அளவியைக் காலில் கட்டினால் பரதநாட்டியத்தின் தட்டடவில் கால் தரையை அறையும்போது பல கைபேசிகளின் உணரி தன் எல்லையைத் தாண்டி, முகடு தட்டையாகிவிடும். அதோடு 200 கிராம் எடையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஆடச் சொல்வது ஆடுபவரின் காலுக்குச் செய்யும் அநியாயம். இடுப்பில், ஒட்டியாணத்துக்குள், பருத்தித் துணியால் இறுகக் கட்டுங்கள். ஆடினால் குலுங்கக்கூடாது. முதல் காலத்தில் (வேகத்தில்) வினாடிக்கு ஒரு தட்டு என்றால் முகடு 1 ஹெர்ட்ஸில் நிற்கும். இரண்டாம் காலம் 2, மூன்றாம் காலம் 4. பத்து வினாடியாவது தொடர்ந்து ஆடினால்தான் முகடு தெளியும். மூன்று காலங்களும் துல்லியமாக இரட்டிப்பதைக் காட்டும் அந்த ஒரு காட்சிக்கு மேல் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். முத்திரையையும் அபிநயத்தையும் அளக்கும் கருவி இதில் இல்லை, அளக்க முயல்வதும் சரியல்ல.

திரைக்குக் கொண்டுபோவது

கைபேசியை எல்லோருக்கும் காட்ட, செயலியின் பட்டியலில் தொலைநிலை அணுகலுக்கான வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கீழே ஒரு முகவரி தெரியும். அதே வைஃபையில் இருக்கும் மடிக்கணினியின் உலாவியில் அந்த முகவரியைத் தட்டினால் வரைபடம் அங்கே வந்துவிடும், தொடங்குவதும் நிறுத்துவதும் அங்கிருந்தே. ஃபைஃபாக்ஸை மேடைக்குத் தகுதியாக்குவது இந்த ஒரு வசதிதான். கெடுப்பதும் இதுவேதான்.

அரங்கின் பொது வைஃபையை நம்பாதீர்கள். பல இடங்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். இணைப்பு இருக்கும், படம் வராது. முகவரியை உலாவி தானாகப் பாதுகாப்பான இணைப்பாக மாற்ற முயன்றும் படம் வராமல் போகும். முன்னால் எச்.டி.டி.பி. என்று மட்டும் இருக்கும்படி தட்டச்சிடுங்கள். இன்னொரு ஆபத்து: கடவுச்சொல் எதுவும் கேட்காததால், அதே வலையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அந்த முகவரிக்குள் நுழைந்து நிறுத்து பொத்தானை அழுத்தலாம். சொந்தமாக ஒரு சிறு ரவுட்டரைக் கடவுச்சொல்லோடு கொண்டுபோங்கள். இணையம் வேண்டியதே இல்லை. கைபேசியை விமான நிலையில் வைத்து வைஃபையை மட்டும் திறந்தால், ‘நம்’ விழும் நேரத்தில் அழைப்பு வராது.

திரையில் படம் சற்றுத் தாமதமாகவே வரும். வித்வான் திரையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினால் லயம் கெடும். திரை அவருக்குப் பின்னால் இருப்பது நல்லது.

ஸ்பெக்ட்ரத்தின் படுக்கைக் கோடு 24,000 ஹெர்ட்ஸ் வரை நீளும். மிருதங்கத்தின் கதை முழுவதும் இடது மூலையில் 2,000-க்குள் முடிந்துவிடுவதால், அப்படியே காட்டினால் ஒரு கறுப்புக் கோடுதான் தெரியும். கைபேசியில் விரலால் விரித்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. ஃபைஃபாக்ஸின் இணையதளத்தில் சோதனைகளை நாமே அமைக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் 0 முதல் 2,000 வரை மட்டும் காட்டும் ஸ்பெக்ட்ரத்தை ஒரு மாலையில் அமைத்துவிடலாம். தலைப்பையும் அச்சுகளின் பெயரையும் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம் என்பது இந்தச் செயலியின் மேல் மரியாதையைக் கூட்டும் விஷயம். ‘அதிர்வெண்’, ‘ஒலியின் பலம்’ என்று திரையில் தமிழில் நிற்கும்போது சபை தயங்காமல் கேள்வி கேட்கிறது. அமைத்த சோதனையைக் கியூஆர் குறியாக மாற்றி வாசலில் ஒட்டினால், வருபவர்கள் தங்கள் கைபேசியில் ஏற்றிக்கொண்டு உள்ளே வரலாம்.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்லும் பகுதியை மட்டும் மேடையில் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கைபேசி மைக்கின் உணர்திறனும் வேறு. நம்பகமான ஒலிமானியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எந்த வாத்தியம் எத்தனை டெசிபல் என்று சபையில் கேட்டால், விகிதத்தை மட்டும் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அன்று பதிந்த எண்களை எக்ஸெல் கோப்பாக வெளியே எடுத்து வித்வானிடம் கொடுங்கள். அந்த மிருதங்கத்துக்கு மறுபடி கரணை போட்டபின் அதே கைபேசி, அதே தூரம், அதே 16,384-இல் இன்னொரு முறை பதிந்தால், போட்டவரின் கை என்ன செய்தது என்பதை அவரோடு உட்கார்ந்து பார்க்க முடியும்.